சுவரில் தொங்கும் சிவப்பு சிலிண்டர்களைக் கழற்ற உத்தரவு வேண்டி

அனுப்புநர்:
உரிமையாளர்,
தீயணைப்பான் நிரப்பும் நிலையம்,
மர அறுவை ஆலைக்கு எதிர்ச்சந்து.

பெறுநர்:
உயர்திரு தலைமை அதிகாரி அவர்கள்,
வணிக மோசடி விசாரணைப் பிரிவு,
நகர நிர்வாகக் கட்டடம், இரண்டாம் தளம்.

பொருள்: தீயணைக்கும் தூள் என்று பொய் சொல்லிச் சுண்ணாம்புத் தூளை விற்ற வியாபாரி மீது நடவடிக்கை எடுக்கவும், அத்தூள் அடைக்கப்பட்டு நகரெங்கும் தொங்கும் சிலிண்டர்களை அகற்ற உத்தரவிடவும் வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் காவல் நிலையத்திலும் உரிமம் வழங்கும் அலுவலகத்திலும் நான் கொடுத்த மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். நானும் என் அண்ணனும் சேர்ந்து மேற்படி நிலையத்தை நடத்திவருகிறோம். கடை, பள்ளி, மருத்துவமனை, விடுதி ஆகியவற்றின் சுவரில் தொங்கும் சிவப்பு சிலிண்டர்களைக் கழற்றி வந்து, பழைய தூளைக் கொட்டிவிட்டுப் புதுத்தூள் போட்டு, வாயு அழுத்தம் ஏற்றி, திரும்பக் கொண்டுபோய் மாட்டுவது எங்கள் தொழில். வண்டியும் வரவு செலவும் அண்ணன் பொறுப்பு. தூளும் சிலிண்டரும் என் பொறுப்பு. எங்கள் வேலை சரியாக இருக்கிறதா என்று வாடிக்கையாளர் யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. சோதிக்கும்படி நேர்ந்துவிடக் கூடாது என்பதுதான் அவர்கள் விருப்பம், எங்கள் விருப்பமும்.

2. எங்களுக்குத் தூள் கொடுத்துவந்த பழைய நிறுவனத்தார் தொழிலை மூடிவிட்டு வெளிநாட்டிலுள்ள மகனிடம் போய்விட்டார்கள். அந்தச் சமயத்தில் ஒருவர் தாமாகவே எங்கள் பணிக்கூடத்திற்கு வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, சத்தம் உயராத பேச்சு. என்னைத் தங்கச்சி என்றும் அண்ணனை மாப்ள என்றும் அன்றைக்கே கூப்பிட ஆரம்பித்துவிட்டார். சந்தையில் அவரைப் பவுடர்க்காரர் என்பார்கள். இம்மனுவிலும் அவ்வாறே குறிப்பிடுகிறேன்.

3. தமக்குச் சொந்தத் தொழிற்சாலை இருப்பதாகச் சொல்லி, தம் காரிலேயே எங்களை அழைத்துச் சென்று காட்டினார். தலைக்கு வெள்ளைத் தொப்பி கொடுத்தார்கள். பெரிய உருளைகள் சுழன்றுகொண்டிருந்தன. தரையில் ஒரு துளி தூசி இல்லை. வேலையாட்கள் அவரைப் பார்த்து வணக்கம் வைத்தார்கள். ஒரு மேற்பார்வையாளரின் தோளைத் தட்டி, பிள்ளையின் படிப்பை விசாரித்தார். கிளம்பும்போது ஒரு மூட்டை தூளை மாதிரிக்காகக் கொடுத்தார். அதை எங்கள் பின்கட்டில் தகரத் தட்டில் டீசல் ஊற்றி எரியவிட்டு நானே சோதித்தேன். ஒரே வீச்சில் அணைந்தது. அதன் பிறகே சரக்குக்குச் சொன்னோம்.

4. சரக்கு வந்தபோதெல்லாம் அடுக்கின் மேலிருந்து ஒரு மூட்டையை இறக்கி, அதே தட்டில், அதே விதமாகச் சோதித்தேன் என்பதை உறுதியாகத் தெரிவித்துக்கொள்கிறேன். ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை, ஒருமுறைகூட அணையாமல் இருந்ததுமில்லை. மேலே இருந்தவை நல்ல மூட்டைகள். அடியில் இருந்தவை வேறு. பையும் தையலும் எழுத்தும் ஒன்றே. நான் அடியிலிருந்து உருவிப் பார்க்க மாட்டேன் என்பது பவுடர்க்காரருக்குத் தெரிந்திருக்கிறது. எல்லாரும் மேலிருந்துதான் எடுப்பார்கள், ஐயா.

5. எங்கள் சந்தின் கடைசியில் தச்சுப் பட்டறை வைத்திருந்தவர் எங்கள் நெடுநாள் வாடிக்கையாளர். எங்கள் பணிக்கூடத்தின் அலமாரிகள் அவர் செய்தவை. ஒரு மத்தியான வேளையில் வார்னிஷ் டப்பா தீப்பிடித்தது. அவர் பதறவில்லை. நாங்கள் மாட்டிய சிலிண்டரை எடுத்து, நான் சொல்லிக்கொடுத்தபடியே கைப்பிடியைப் பூட்டியிருக்கும் பின்னை இழுத்து, குழாயைத் தீயின் அடிப்பக்கம் திருப்பி, கைப்பிடியை அழுத்தினார். இருமல் போல ஒரு சத்தம் வந்தது. கையளவு வெள்ளைத் தூசி பறந்தது. அவ்வளவுதான். அவர் வெளியே ஓடியிருக்கலாம். ஓடவில்லை. மறுபடி அழுத்தினார், ஆட்டிப் பார்த்தார், மறுபடி அழுத்தினார். சிலிண்டர் வேலை செய்யும் என்ற நம்பிக்கையில் நின்றுகொண்டே இருந்தார்.

6. இரண்டு கைகளும் முழங்கை வரை வெந்துவிட்டன. விரல்களை இனி மடக்க முடியாது என்று மருத்துவர் கூறியுள்ளார். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அவர் மனைவி என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, அவரு எல்லாம் நீங்க சொன்ன மாதிரிதான் செஞ்சேங்கிறாரு. எதைத் தப்பாச் செஞ்சேன்னு உங்ககிட்ட கேக்கச் சொன்னாரு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் இம்மனுவை எழுதுவது எனக்கு இன்னும் சற்று எளிதாக இருந்திருக்கும்.

7. அந்தச் சிலிண்டரைப் பணிக்கூடத்திற்குக் கொண்டுவந்து மேசை மேல் வைத்துத் திறந்தேன். அதற்கு முன் அழுத்தமானியைப் பார்த்தேன். அதன் முள், அழுத்தம் சரி என்று காட்டும் பச்சையில் நின்றது. அழுத்தம் உள்ளேயே இருந்திருக்கிறது, வெளியே வர வழிதான் இல்லை. தூள் கட்டியாகிக் குழாயை அடைத்திருந்தது. ஒரு கட்டியை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். நல்ல தூள் தண்ணீர் பட்டாலும் ஒட்டாது. இது வியர்வையிலேயே குழைந்தது. கிடங்கில் மிச்சமிருந்த மூட்டைகளை அடியிலிருந்து உருவி ஒவ்வொன்றாகப் பிரித்தேன். சிலவற்றில் நல்ல தூள், பலவற்றில் சுண்ணாம்பு. எது எந்தச் சிலிண்டருக்குள் போனது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. எல்லா சிலிண்டரும் சிவப்பாக இருக்கிறது. எல்லா முள்ளும் பச்சையில் நிற்கிறது.

8. அன்றே நானும் அண்ணனும் அந்தத் தொழிற்சாலைக்குச் சென்றோம். பவுடர்க்காரரின் தோற்றத்தைச் சொன்னதுமே வாயில் காவலாளிக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. "அவரா? அவரு இங்க சரக்கு வாங்குறவருங்க. அப்பப்ப யாரையாவது கூட்டிட்டு வந்து சுத்திக் காட்டுவாரு. எங்க முதலாளிக்குச் சொந்தக்காரருன்னு நெனச்சு நாங்களும் வணக்கம் வெப்போம்" என்றார். அடுத்தவர் ஆலையைத் தமதென்று காட்டி, அங்கே வாங்கிய சில நல்ல மூட்டைகளை மேலே அடுக்கி, வெற்றுப் பைகளில் சுண்ணாம்பை நிரப்பி அடியில் வைத்து அனுப்பியிருக்கிறார். அவர் கொடுத்திருந்த கிடங்கு முகவரியில் கூரையில்லாத ஒரு கார் கொட்டகையும் நாய் ஒன்றும் இருந்தன.

9. பிறகு ஒரு வக்கீல் அம்மாவை அணுகினோம். எங்களைப் போல ஏமாற்றப்பட்ட வியாபாரிகளுக்குச் சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை என்று பொறுமையாக விளக்கினார். பொய்யை நம்பவைத்துச் செய்துகொண்ட ஒப்பந்தத்தை ரத்து செய்யச் சொல்லி, நஷ்டஈடும் கேட்டு உரிமையியல் வழக்குப் போடலாம். ஏமாற்றுதல் குற்றம் என்று காவல் துறையில் புகார் கொடுக்கலாம். வழக்கு முடியும் வரை எதிராளி சரக்கை நகர்த்தாமலும் விற்காமலும் இருக்க இடைக்காலத் தடை வாங்கலாம். இவை மூன்றையும் ஒருசேரச் செய்யவும் தடை இல்லை என்றார். அண்ணனின் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது.

10. அதற்குப் பிறகுதான் நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். சிலிண்டர் மாட்டியிருப்பவர்களிடம் இன்றே போய்ச் சொல்லிவிடலாமா என்றேன். வக்கீல் அம்மா பேனாவை மூடி வைத்தார். நீங்களே போய்ச் சொன்னால் குறையை ஒப்புக்கொண்டதாகும், பவுடர்க்காரர் மேல் பாய வேண்டிய வழக்குகள் எல்லாம் முதலில் உங்கள் மேல் பாயும், சிலிண்டரில் ஒட்டியிருப்பது உங்கள் முத்திரை என்று விளக்கினார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "வக்கீலாச் சொல்றேன், வாயத் திறக்காதீங்க. மத்தபடி என்கிட்ட எதுவும் கேக்காதீங்க" என்றார். வெளியே வந்ததும் அவர் அறை வாசலில் தொங்கிய சிலிண்டரைப் பார்த்தேன். அது நாங்கள் மாட்டியது.

11. அவர் சொன்ன வழிகள் என்னவாயின என்பதைத் தங்கள் பார்வைக்கு வைக்கிறேன்.

காவல் நிலையத்தில் இது இரு வியாபாரிகளுக்கு இடையிலான கொடுக்கல் வாங்கல் தகராறு, நீதிமன்றத்திற்குப் போங்கள் என்று சொல்லி மனுவை வாங்கி வைத்துக்கொண்டார்கள். நாங்கள் அனுப்பிய வக்கீல் நோட்டீசுக்குப் பவுடர்க்காரர் பதில் அனுப்பினார். தாம் விற்றது வெள்ளைத் தூள் மட்டுமே, அதை எதற்குப் பயன்படுத்துவார்கள் என்பது தமக்குத் தெரியாது, தம் பெயரை வெளியில் சொன்னால் மானநஷ்ட வழக்குத் தொடரப்படும் என்று அதில் இருந்தது. உரிமையியல் வழக்குப் போட்டு இடைக்காலத் தடை கேட்டபோது சரக்கு எங்கே இருக்கிறது என்று நீதிமன்றம் கேட்டது. எங்களால் கார் கொட்டகையைத்தான் காட்ட முடிந்தது. உரிமம் வழங்கும் அலுவலகத்தில் விஷயத்தைக் கேட்டுவிட்டு, முத்திரை உங்களுடையது என்பதால் முதல் நடவடிக்கை உங்கள் உரிமத்தின் மீதுதான் எடுக்க முடியும் என்றார்கள். எடுங்கள், அந்தச் சாக்கிலாவது சிலிண்டர்களைத் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள் என்று நான் எழுதிக் கொடுத்தேன். அந்தக் கடிதத்திற்கும் பதில் இல்லை.

12. இதற்கிடையே பவுடர்க்காரர் எங்கள் பணிக்கூடத்திற்கு நேரில் வந்தார். அண்ணன் வெளியே போயிருந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். தச்சரின் உடல்நலத்தை விசாரித்தார், பாவம் என்றார். பிறகு, "தங்கச்சி, எது எங்க தொங்குதுன்னு எனக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும். தெரிஞ்சும் சும்மா இருக்கிறது நானா, நீங்களா?" என்று கேட்டார். குரல் உயரவில்லை. எழுந்து போகும்போது எங்கள் சுவரில் தொங்கிய சிலிண்டரை விரலால் ஒரு தட்டுத் தட்டி, "இது எந்த லோடு?" என்று சிரித்தார். அவர் போன பிறகு அதைக் கழற்றிப் பின்கட்டில் வைத்துவிட்டு, கதவைத் தாழிட்டு உட்கார்ந்திருந்தேன்.

13. அவர் தொழிலை நிறுத்தவில்லை என்பதையும் தெரிவிக்கக் கடமைப்பட்டுள்ளேன். பக்கத்து ஊரில் எங்களைப் போலவே நிலையம் நடத்தும் ஒருவரைப் பார்க்கப் போனபோது, அதே எழுத்து, அதே தையலுடன் மூட்டைகள் அவர் கூடத்தில் கூரை வரை அடுக்கியிருந்தன. நான் எச்சரித்தேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "தொழில்ல போட்டி இருக்கலாம்க்கா, அதுக்காக இப்படியா? நானே மேலருந்து ஒரு மூட்டை எடுத்து டெஸ்ட் பண்ணிட்டேன், அருமையா இருக்கு" என்றார். அடியிலிருந்து ஒன்றை எடுங்கள் என்று கெஞ்சினேன். அடுக்கு சரிந்துவிடும் என்று மறுத்துவிட்டார்.

தங்கள் அலுவலக மாடிப்படியில் தொங்கும் சிலிண்டர்கள் நாங்கள் நிரப்பியவை அல்ல. யார் நிரப்பினார்கள், தூளை எங்கே வாங்கினார்கள் என்பது எனக்குத் தெரியாது. தங்களுக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

14. அண்ணனுக்கும் எனக்கும் இது குறித்துக் கடும் வாக்குவாதம் நடந்தது. நாமே வாயைத் திறந்தால் நாம்தான் குற்றவாளி, தீர்ப்பு வரட்டும் என்பது அவர் கட்சி. அவரை நான் குறை சொல்லவில்லை. எங்கள் இருவர் குடும்பமும் இந்தத் தொழிலில்தான் சாப்பிடுகிறது. சில நாட்கள் ஒரே கூடத்தில் முகம் பார்க்காமல் வேலை செய்தோம். பிறகு ஒரு காலை நான் வந்தபோது மேசை மேல் ஒரு சிலிண்டர் திறந்து கிடந்தது. பக்கத்தில் முஷ்டி அளவு சுண்ணாம்புக் கட்டி. அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் மகள் படிக்கும் பள்ளியிலிருந்து, பழுது பார்க்க வேண்டும் என்று பொய் சொல்லி எடுத்து வந்திருக்கிறார். "பாப்பா கிளாஸுக்குப் பின்னாடி மாட்டியிருந்துச்சு. நான்தான் ஆணி அடிச்சேன்" என்றார். அதற்குமேல் நாங்கள் வாதிடவில்லை.

15. வக்கீல் அம்மாவின் அறிவுரைக்கு மாறாக, அன்று முதல் வீடு வீடாக, கடை கடையாகப் போய்ச் சொல்லத் தொடங்கினோம். சிலர் உடனே கழற்றிக் கொடுத்தார்கள். பிரசவ மருத்துவமனைச் செவிலியர் ஒருவர் நாங்கள் சொல்லி முடிப்பதற்குள் ஏணி போட்டுவிட்டார். சிலர் திட்டினார்கள், அது நியாயம். ஒரு துணிக்கடைக்காரர் சிலிண்டரைத் தெருவில் உருட்டிவிட்டார், அதுவும் நியாயம். அவற்றையெல்லாம் எங்கள் வண்டியை விற்று வாங்கிய நல்ல தூளால் நிரப்பிக்கொண்டிருக்கிறோம். இப்போது தள்ளுவண்டியில் கொண்டுபோகிறோம்.

16. எங்களை அச்சுறுத்துவது திட்டியவர்கள் அல்ல. மரியாதையாக உட்காரவைத்து, காபி கொடுத்து, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அது அங்கேயே தொங்கட்டும் என்று சொன்னவர்கள்தான். அப்படிப்பட்ட இடங்கள் பல. ஆய்வுக்கு அதிகாரி வரும்போது சுவர் காலியாக இருந்தால் அபராதம். சிவப்பாக ஒன்று தொங்கினால் போதும், முள் பச்சையில் இருந்தால் போதும். உள்ளே என்ன இருக்கிறது என்று அதிகாரி திறந்து பார்க்கப் போவதில்லை. ஒரு பண்டக சாலை உரிமையாளர், நாங்கள் வந்து சொன்னதாக வெளியில் சொல்லிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். விபத்து நடந்தால் தமக்கு முன்பே தெரியும் என்றாகிவிடுமாம்.

17. இவற்றுள் ஒன்றைத் தனியாகக் குறிப்பிடுகிறேன். ரயில் பாதையை ஒட்டிய சாலையில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான நான்கு மாடி விடுதி ஒன்று உள்ளது. ஒவ்வொரு மாடியிலும் எங்கள் சிலிண்டர் தொங்குகிறது. அதன் மேலாளரிடம் மூன்று முறை முறையிட்டேன். "இன்ஸ்பெக்‌ஷன் முடியட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றார். அந்த ஆய்வு எப்போது என்று அவருக்கும் தெரியவில்லை. இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று ஒரு தாள் எழுதி ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒட்டிவிட்டு வந்தேன். அங்கே தங்கியிருக்கும் ஒரு தையல் வேலைப் பெண் என்னைத் தேடி வந்து, அந்தத் தாள்களை அன்று மாலையே கிழித்துவிட்டார்கள் என்றும், ஏன் ஒட்டினீர்கள் என்றும் கேட்டார். சொன்னேன். "எங்க ரூம்ல ஹீட்டர் ஒயர் ரொம்ப சூடாகுதுக்கா. சொன்னா, சிலிண்டர்தான் இருக்கே பயப்படாதீங்கன்னாங்க" என்றார்.

18. மறுமுறை நான் அந்த விடுதிக்குப் போனபோது அங்குள்ள காவலாளி உள்ளே விடவில்லை. எங்கள் இருவரின் புகைப்படமும் அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. யார் கொடுத்தார்கள் என்று கேட்டேன். சட்டை இஸ்திரி கலையாத ஒருவர் என்றார்.

19. ஆகவே ஐயா அவர்கள் கருணை கூர்ந்து, பவுடர்க்காரரின் மீது மோசடி வழக்குப் பதிவு செய்து அவர் கிடங்கு எங்கிருந்தாலும் கண்டுபிடித்து முத்திரையிடவும், அவரிடம் தூள் வாங்கிய எல்லா நிலையங்களிலும் மூட்டைகளை அடியிலிருந்து எடுத்துச் சோதிக்கவும், எங்கள் முத்திரையுள்ள சிலிண்டர் எங்கிருந்தாலும் கழற்றித் தர வேண்டும் என்று பொது அறிவிப்பு வெளியிடவும் தாழ்மையுடன் வேண்டுகிறேன். அந்த அறிவிப்பில் எங்கள் நிலையத்தின் பெயரைப் பெரிதாகவே போடலாம். அதனால் எங்கள் உரிமம் போகும் என்றால் போகட்டும்.

20. உத்தரவு வரும் வரை எங்களால் காத்திருக்க இயலவில்லை என்பதைப் பணிவுடன் தெரிவிக்கிறேன். நாளை முதல் நானும் அண்ணனும், அனுமதி மறுத்த இடங்களிலும் நுழைந்து சிலிண்டர்களைக் கழற்றப் போகிறோம். கழற்றிய இடத்தில் எங்களால் முடிந்தவரை நல்ல சிலிண்டரும், முடியாத இடத்தில் மணல் வாளியும் வைப்போம். எங்கள் மீது திருட்டு, அத்துமீறல் என்று புகார் வரும். வந்தால் விசாரணைக்கு அலைய வேண்டாம். இம்மனுவையே எங்கள் ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொள்ளலாம்.

21. ஆனால் அந்தப் பெண்கள் விடுதிக்குள் மட்டும் எங்களால் போக முடியாது. தாங்கள்தான் போக வேண்டும். மற்றவற்றை விசாரித்து முடிவெடுக்க நாட்கள் ஆகலாம், அதைப் புரிந்துகொள்கிறேன். இந்த ஒன்றுக்கு மட்டும் இன்றே ஓர் ஆளை அனுப்பும்படி கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். யாரும் வெளியே போய்விடக் கூடாது என்பதற்காக, அங்கே விளக்கணைத்ததும் மாடிப்படிக் கதவை வெளியிலிருந்து பூட்டிவிடுகிறார்கள்.

இடம்: எங்கள் பணிக்கூடம்
நாள்: மாதக் கடைசி வியாழக்கிழமை

இப்படிக்கு,
தங்கள் நடவடிக்கையை எதிர்நோக்கும்,

(கையொப்பம்)
உரிமையாளர்,
தீயணைப்பான் நிரப்பும் நிலையம்

(உடன் கையொப்பம்)
உரிமையாளரின் அண்ணன், பங்குதாரர்

இணைப்பு: கட்டியான தூள், ஒரு பொட்டலம். விடுதிக்குச் செல்லும் வழி, வரைபடமாக.